நலம் விசாரிப்பு

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையின் நடுவில் வைத்தாள் மவ்ஜுனா டீச்சர். மாஸ்கோவில் மணி அடிக்கத் தொடங்கியது.

எதிரே சவ்ரினிசோ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

குலோப் ஊர் நூலகத்தின் பின்னறையில் நடக்கும் அந்த ரஷ்ய மொழி வகுப்பில் எல்லாரும் பெண்கள். எல்லார் வீட்டுக்காரரும் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள். ஒழுங்காகப் பணம் அனுப்புகிறவர்கள் உண்டு. போனிலேயே மூன்று முறை தலாக் சொல்லிக் கைகழுவியவர்களும் உண்டு. சவ்ரினிசோவின் புருஷன் ஷோதி இரண்டையும் செய்யவில்லை. நம்பரை மாற்றிக்கொண்டு காணாமல் போய்விட்டான், அவ்வளவுதான்.

ஜோயா என்ற ரஷ்யக்காரியோடு அவன் குடித்தனம் நடத்துவதை, ஊருக்கு வந்த அவனுடைய சித்தப்பா மகன் உளறிவிட்டான். வற்புறுத்திக் கேட்டதில் அந்த ஜோயாவின் நம்பரையும் கொடுத்தான்.

அடுப்போரம் உட்கார்ந்து உலர்ந்த முசுக்கட்டைப் பழம் தின்றுகொண்டிருந்த மெஹ்ரோனா, ஷோதியின் மகள். ஆறு வயது. இதயத்தில் ஓட்டை. கொஞ்சம் வேகமாக நடந்தாலே உதடு நீலம் பாரித்துவிடும். இங்கே முடியாது, மாஸ்கோவுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். தகப்பன்காரனைப் பிடிக்க வேறு வழி தெரியாமல்தான், பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கிய சவ்ரினிசோ, ரஷ்யன் படிக்க வந்தாள்.

நான் ஷோதியின் மனைவி, எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

குளிர்காலம் முழுக்க அந்த வாக்கியத்தை அவளுக்கு உருப்போட வைத்தாள் டீச்சர். உச்சரிப்பில் ஒரு பிசிறு தட்டினாலும் விடமாட்டாள். மவ்ஜுனாவின் கணவனும் அந்தப் பக்கம் போய்த் திரும்பாதவன்தான். அவன் யாரோடு இருக்கிறான் என்பதுகூட அவளுக்குத் தெரியாது, கூப்பிட்டுக் கேட்க நம்பரும் இல்லை. சொல்லப்போனால், சவ்ரினிசோவைவிட அவளுக்குத்தான் அந்த வாக்கியம் அதிகம் தேவைப்பட்டது.

கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தாள். நம் ஊர் நலம் விசாரிப்பெல்லாம் அங்கே எடுபடாது. உடம்பு சுகமா, வீடு சுகமா, களைப்பு இல்லையே என்று இழுத்தால் போனை வைத்துவிடுவார்கள். எடுத்த எடுப்பில் போட்டு உடைத்துவிடு.

மறுமுனையில் ஒரு பெண்குரல் யார் என்று கேட்டது.

சவ்ரினிசோ தன் பெயரைச் சொன்னாள். குலோபிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பிறகு அந்தப் பாழாய்ப்போன பழக்கம், வலது கை தானாக எழுந்து நெஞ்சுக்குப் போயிற்று. உடம்பு சுகமா என்றாள். வீடு சுகமா, வேலை நன்றாக நடக்கிறதா, களைப்பு இல்லையே. முகம் தெரியாத சக்களத்தியிடம் இத்தனையும் விசாரித்தாள். டீச்சர் பல்லைக் கடித்தாள்.

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேலி இல்லை, சந்தோஷச் சிரிப்பு. ஷோதியும் இப்படியேதான் எல்லாரையும் விசாரிப்பாராம்.

"நீங்க அவரோட தங்கச்சிதானே? உங்க வீட்டுக்காரர் இறந்துபோனதைச் சொல்லி அவர் அழுதாருங்க."

டீச்சர் மேஜையைத் தட்டினாள். சொல், இப்போது சொல், என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

சவ்ரினிசோ வாயைத் திறந்தாள். ஆனால் ஜோயா நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனாள். யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, டீச்சர் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தங்கை மகளுக்கு உடம்பு சரியில்லை என்று ஷோதி போன வாரம்தான் சொன்னானாம். ஜோயா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாம். பெரிய டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டாளாம். அம்மாவும் பெண்ணுமாக இந்த மாதமே புறப்பட்டு வந்துவிட வேண்டும். வேறெங்கும் தங்கக் கூடாது, நம் வீடு இருக்கிறது. குழந்தையைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள்வாளாம்.

சவ்ரினிசோ அடுப்புப் பக்கம் திரும்பினாள். அம்மா வேற்று மொழி பேசுகிற பெருமையில் மெஹ்ரோனா பழத்தை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாங்க, நான் அவர் தங்கச்சிதான்" என்றாள் சவ்ரினிசோ.

ரஷ்யனில்தான் சொன்னாள். அண்ணனுக்குத் தன் சலாமைச் சொல்லச் சொன்னாள். துக்கம் விசாரித்ததற்கு நன்றியும் சொன்னாள். குளிர்காலம் முழுக்க அவள் வாயிலிருந்து இத்தனை சுத்தமான ரஷ்யன் வந்ததே இல்லை.

போனை வைத்ததும் மவ்ஜுனா பொரிந்து தள்ளினாள். கல்லு மாதிரி உயிரோடு இருக்கிறவனுக்கு விதவையாகி உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு ரோஷமே கிடையாதா, இதற்கா தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டாள். அவன் வீட்டுக்கே போய், அவன் கண்ணெதிரே அண்ணா என்று கூப்பிடப் போகிறாயா என்றும் கேட்டாள்.

சவ்ரினிசோ மகளைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"இவ அவரைப் பார்த்ததுமே ஓடிப்போய் அப்பான்னு கட்டிக்குவா, டீச்சர். 'மாமா'வுக்கு ரஷ்யன்ல என்னன்னு இவளுக்குச் சொல்லிக்குடுங்க."

மவ்ஜுனா சொல்லிக்கொடுத்தாள்.

அம்மாவைப் போலக் குழந்தை திணறவில்லை. முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிட்டு, யாரை அப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டாள்.