ஒரே ஒரு தடவைதான்

“எத்தனை வகுப்பு நடந்துச்சு?” என்று கேட்டார் போதை சார்.

“பன்னெண்டு!” என்று கூரை அதிரக் கத்தினார்கள் பிள்ளைகள்.

“கத்தாதீங்கப்பா. கத்தினா சொல்லிக்கொடுத்த மாதிரி இருக்கும். யோசிச்சுச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

போதை சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ‘இளைஞர் போதைத் தடுப்புத் திட்டப் பயிற்றுநர்’ என்றது கழுத்தில் தொங்கிய அட்டை. அவ்வளவு நீளத்துக்கு யாருக்கும் பொறுமை இல்லை. இத்தனைக்கும் மனிதர் டீகூடக் குடிக்காதவர்.

உண்மையில் நடந்தவை நான்கு வகுப்புகள்தான்.

அதற்குப் பிறகுதான் சிறப்பு விருந்தினருக்கு நேரம் கிடைத்தது. ஆகவே தொடக்க விழா நடந்தது. அதற்கு ஒத்திகை வேறு. பிறகு தேர்வு வந்தது. பிறகு, திட்டத்தை வலுப்படுத்த வேண்டும் என்று மேலிடம் முடிவெடுத்து ஆளுக்கொரு தொப்பி அனுப்பியது. தொப்பியைப் போட்டுப் படம் எடுத்ததில் மிச்ச வகுப்புகளும் போயின.

இன்று மதிப்பீட்டாளர் அம்மா வந்திருக்கிறார். தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். அவர் நல்லபடியாக எழுதினால் போதை சாருக்கு இன்னும் மூன்று வருடம் வேலை. இல்லையென்றால் அடுத்த மாதமே மைத்துனனின் செல்போன் கடையில் நின்று ஸ்கிரீன் கார்டு ஒட்ட வேண்டும். ‘மச்சான், குமிழி விழாம ஒட்டுங்க’ என்கிற குரல் இப்போதே அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு நல்ல முகம் வேண்டும்.

கடைசி வரிசைச் சிறுமியைப் பிடித்தார். ஊமைக்கோட்டான் என்று வகுப்பில் அவளுக்குப் பெயர். வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. அந்த முகம் பொய் சொல்லும் என்று சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

“நீதாம்மா சொல்லணும். பன்னெண்டு. அவ்வளவுதான்.”

அவள் தலையாட்டினாள். குறுக்காக.

அவர் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். குரலில் தேனைக் குழைத்தார்.

“ஒரே ஒரு தடவைதாம்மா. எல்லாரும் சொல்றாங்கல்ல, நீ மட்டும் என்ன தனியா? யாருக்கும் தெரியப் போறதில்ல. என்மேல நம்பிக்கை இல்லையா?”

சிறுமி எழுந்தாள். அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். “வேண்டாம் சார்” என்றாள். காரணம் சொல்லவில்லை. பெஞ்சை விட்டு விலகி ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

யாராவது போதைப்பொருளை நீட்டினால்: பார், சொல், விளக்காதே, நகர்ந்து போ. நான்காவது வகுப்பில் அவரே தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கு ஒரு பிள்ளைகூட அதை ஒழுங்காகச் செய்து காட்டவில்லை.

வாசலில் யாரோ கைதட்டினார்கள்.

மதிப்பீட்டாளர் அம்மா எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தாரோ. போதை சாருக்குக் கண்ணெதிரே குமிழி குமிழியாக எழும்பியது.

“பிரமாதம் சார்!” என்றார் அந்த அம்மா. “எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்துட்டேன். தூண்டிவிடுறவனா நடிக்கச் சொன்னா எல்லாரும் மீசையை முறுக்கி முறைப்பாங்க. நீங்கதான் அசல். அந்தக் குழைவு, அந்த ‘நம்பிக்கை இல்லையா’... எங்க சார் கத்துக்கிட்டீங்க?”

“எல்லாம் அனுபவம்தான் மேடம்.” வாய் தானாகச் சொன்னது.

அந்த அம்மா செல்போனை எடுத்தார். “கண்ணு, அதே மாதிரி இன்னொரு தடவை பண்ணு. வீடியோ எடுத்துக்கறேன்.”

சிறுமி அவரையும் நேராகப் பார்த்தாள். “வேண்டாம் மேடம்.” சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

“பாத்தீங்களா, என்கிட்டயே!” அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று முழு மதிப்பெண் போட்டார். “பன்னெண்டு வகுப்பும் முடிஞ்சுதுல்ல?”

“முடிஞ்சுது மேடம்” என்றார் போதை சார், யோசித்துச் சொல்வது போல.

அடுத்த ஆண்டிலிருந்து மற்ற பயிற்றுநர்களுக்கெல்லாம், தூண்டுவது எப்படி என்று அவர்தான் கற்றுத்தர வேண்டுமாம். தலைமையாசிரியர் கை குலுக்கினார். கார் கிளம்பிப் போயிற்று. மணி அடித்தது. பிள்ளைகள் தொப்பிகளை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டு ஓடினார்கள்.

ஜன்னலோரம் அவள் மட்டும் நின்றாள்.

போதை சாருக்கு அவள்மேல் கோபம் கொஞ்சம், காலில் விழலாம் போன்ற நன்றி கொஞ்சம். “என் வயித்துல புளியைக் கரைச்சு, கடைசியில பாலையும் வார்த்துட்ட. பன்னெண்டுன்னு சொல்லியிருந்தா உனக்கு என்னம்மா குறைஞ்சுபோச்சு?”

“பன்னெண்டும் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் அஞ்சாவது வராதே சார்.”

அவர் திட்டப் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். “அஞ்சாவதுல என்ன?”

“நாலாவதுல சொன்னீங்களே சார். வெளியாள் நீட்டினா இப்படி நகர்ந்து போயிடணும். வீட்டு ஆளே நீட்டினா என்ன பண்றதுன்னு அடுத்த வகுப்புல சொல்றேன்னு.”

ஜிப் பாதியில் நின்றது.

கேட்டுக்கு வெளியே பைக் ஹாரன் நீளமாக அடித்தது. ஒருமுறை. மறுபடியும்.

“அண்ணன் வந்துட்டான் சார்” என்றாள்.

நகரவில்லை.