வெள்ளைப் புள்ளி

மூன்று வருஷத்தில் இது மூன்றாவது ஹீட்டர். கழற்றிய காயிலை மெக்கானிக் தரையில் ஒரு தட்டு தட்டினார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

"இவ கை பட்டா எதுவும் உருப்படாது," என்றார் கணவர். "போன மாசம் வாஷிங் மெஷின். அதுக்கு முன்னாடி இஸ்திரிப் பெட்டி."

மனைவி உதிர்ந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளினாள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்.

"அம்மா மேல தப்பில்ல சார். தண்ணில அவ்வளவு சுண்ணாம்பு. வாட்டர் சாஃப்ட்னர் ஒண்ணு மாட்டினீங்கன்னா அதுவே பிடிச்சு வச்சுக்கும்."

"மாட்டாம இருப்பேனா? பின்பக்கம் போய்ப் பாருங்க. மாசம் தவறாம நானே சர்வீஸ் பண்றேன். வேற யாரையும் தொட விடுறதில்ல."

"அப்புறம் எப்படி இவ்வளவு படியுது?"

மெக்கானிக் பின்பக்கம் போனார். கணவரும் மனைவியும் கூடவே போனார்கள். சாஃப்ட்னரிலிருந்து கிளம்பிய குழாய் சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சுவரோரமாகவே ஓடி, கார் ஷெட்டில் போய் நின்றது.

"வீட்டுக்கு லைன் குடுக்கலையா சார்?"

"கார் கழுவத்தானே மாட்டினது," என்றார் கணவர், கொஞ்சம் பெருமையாகவே. "இந்தத் தண்ணி பட்டு காஞ்சா வெள்ளை வெள்ளையா புள்ளி விழும். கறுப்பு வண்டியாச்சே."

மனைவி உள்ளே போய் அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கி வந்து, அந்தக் குழாயடியில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவர் வெளியே கிளம்பி வந்தபோது, கார் மேல் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. வைப்பரில் அவருடைய பனியன் தொங்கியது. சொட்டிய ஈரம் கதவு வரை வழிந்து காய்ந்திருந்தது.

வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை.