ஆறாவது அறை

வயோமிங் மேட்டில் லோரன் வழக்கம்போல் பழங்கால ரிவால்வரின் நகலை எடுத்தான். அதன் சுழலும் உருளையில் ஐந்து அறைகளில் வெடிமருந்து கொட்டி, ஈயக் குண்டை இறுக்கி, பொறி புகாமல் வாயை அடைக்கக் கத்தி நுனியால் பன்றிக்கொழுப்பு பூசினான். சுத்தியல் படியும் ஆறாவது அறையைப் பாதுகாப்புக்காகக் காலியாக விட்டான்.

"ஆறு ரூம் கட்டிட்டு அஞ்சத்தான் வாடகைக்கு விடுவியா, மாப்ள?" என்று அவன் மனைவி ஜோலீனின் அண்ணன் டெல்மர் சாகும்வரை கேலி செய்தான். டெல்மர் கொழுப்பைக் கட்டைவிரலால்தான் அமுக்குவான். அந்த விரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

சுட்ட ஐந்து குண்டுகளும் தூரத்து இரும்புத் தட்டில் கணீரென்று பட்டன. லோரன் உருளையைக் கழற்றினான். மற்ற அறைகளில் கொழுப்பு உருகிக் கருகியிருந்தது. ஆறாவதில் அது வெள்ளையாக உறைந்திருந்தது. நடுவே கட்டைவிரல் பதிவு, குறுக்கே ஒரு கோடு.

"நீ வச்சியா?"

"நான் வண்டிய விட்டு இப்பதான இறங்குறேன்," என்ற ஜோலீன் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"உள்ள குண்டும் இருக்கும். சுட்டுக் காலி பண்ணாம வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது," என்றான் லோரன்.

ஜோலீன் தொப்பியைக் கழற்றி, உருளைமேல் வெயில் படாமல் பிடித்தாள்.

"சுட்டா அழிஞ்சிடும்ங்க."