டூட்டியில் இருக்கிறார்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓய்வுபெற்ற குலசேகரன் சுவரையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அவர் மனைவி புனிதவதிதான் பழைய வேலையைப் போலவே அழைப்புகளை ஏற்றுப் பேச ஒரு கணினித் திரையை வீட்டுக்கு வரவழைத்தாள். நாள் முழுக்க அதில் அவசர அழைப்புகள் வந்தன. எல்லாம் அதை இயக்கும் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தின் கற்பனை; அழைப்பவர்களின் குரலும் அதனுடையதே. அவர் சாப்பிடக்கூட எழுந்திருப்பதில்லை.

இன்று அவளுக்கு இதய அறுவை சிகிச்சை. மருத்துவமனை வண்டி வாசலில் வந்து நின்றது.

"என்னங்க, கூட வாங்க."

"நான் எந்திரிச்சா யாரு பாக்குறது? உயிர் போயிரும் புனிதா."

"அதுல ஒருத்தரும் நெசமில்லைங்க. மெஷின்தான் பேசுது."

"அப்ப அழுவுறது யாரு?" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அவள் தனியாக வண்டியில் ஏறினாள். வேறு வழி தோன்றாமல், தன்னையும் ஓர் அழைப்பாக அவருக்கு அனுப்பச் சொல்லிப் போனில் அந்த இயந்திரத்திடம் கெஞ்சினாள். அது இணைத்தது.

"சொல்லுங்கம்மா."

அவர் இத்தனை கனிவாகப் பேசி அவள் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"பயமா இருக்குங்க. ஆபரேசனுக்குத் தனியாப் போறேன்." அழுகையில் அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"வீட்டுக்காரரு எங்கம்மா?"

"வீட்லதான் இருக்காரு. வரமாட்டேங்குறாரு."

"என்ன மனுசன் அவரு!" உண்மையாகவே கொதித்தார். "நீங்க தைரியமாப் போங்க. உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நான் எந்திரிக்காம உக்காந்திருக்கேன்."

"நான்தாங்க, புனிதா" என்று அவள் சொல்வதற்குள் அவர் அடுத்த அழைப்புக்குப் போய்விட்டார்.