சட்டையில் அடித்த வாசனை

"பெத்த வயிறு பத்தி எரியத்தானே செய்யும்" என்று நீதிமன்ற வாசலில் நின்ற பெண் போலீஸ் சொன்னதற்கு, அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார். அவர் தோளில் சாய்ந்திருந்த பெண்ணுக்கு இடது கண்ணோரம் தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது.

உள்ளே கூப்பிட்டதும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்தத் தையலுக்குக் காரணமான புருஷன் முன் வரிசையில், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தான். அவனுக்குக் கொடுத்த ஜாமீனை ரத்து செய்யச் சொல்லித்தான் அந்தப் பெண் மனுப் போட்டிருந்தாள்.

அவனுடைய வக்கீல் முந்தாநாள்தான் வழக்கைக் கையில் எடுத்தவர். குரலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"ஐயா, மனைவி தங்கியிருக்கிற பக்கமே போகக்கூடாதுன்னு நிபந்தனை. என் கட்சிக்காரர் எட்டிக்கூடப் பாக்கல. ஜாமீன் நின்னவங்க வீட்டுலயேதான் இருக்கார். மானம் மரியாதைக்குப் பயந்தவங்க. அவங்க பேச்சை நீங்க கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

"இல்லங்க. தினமும் சாயங்காலம் என் ஹாஸ்டல் எதிர்ல வந்து நிக்கிறாரு. நேத்து கையில பாட்டிலோட நின்னாருங்க" என்றாள் மனைவி.

"போட்டோ இருக்கா? பாத்த சாட்சி இருக்கா?" என்றார் வக்கீல்.

இல்லை. உயிருக்குப் பயந்து தாழ்ப்பாளைத் தேடுகிறவள் போட்டோவா எடுத்துக்கொண்டிருப்பாள்?

நீதிபதி பேனாவை எடுத்தார். "ஆதாரம் இல்லியேம்மா. ஜாமீன் நின்னவங்க பொறுப்பு ஏத்துக்கிட்டு இருக்கிறப்போ, அவரைத் திரும்ப உள்ள அனுப்ப எனக்கு ஒரு காரணம் வேணுமில்ல?"

கடைசி பெஞ்சிலிருந்து அந்த அம்மாள் விருட்டென்று எழுந்தார்.

"அவ பொய் சொல்லலைங்க! பொழுது சாஞ்சா வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுறான். நேத்து அவன் சட்டையில பெட்ரோல் வாசனை குப்புனு அடிச்சுது. பையில தீப்பெட்டி. பீடி சிகரெட் தொடாதவனுக்குத் தீப்பெட்டி எதுக்குங்க?"

முன் வரிசையில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். வக்கீலின் அங்கியைப் பிடித்து இழுத்து, "சார், அவங்க..." என்று ஆரம்பித்தான்.

"சும்மா இருப்பா, நான் பாத்துக்கறேன்." வக்கீல் அவன் கையைத் தட்டிவிட்டார். "பாத்தீங்களாய்யா கூத்தை! இவர் சட்டையை இந்தம்மா எங்க போய் மோந்து பாத்தாங்களாம்? மகளை ஏத்திவிட்டு ஏத்திவிட்டு, நல்லா இருந்த குடும்பத்தைக் கெடுக்கறதே இந்த மாதிரி அம்மாக்கள்தான்!"

யாரோ சிரித்தார்கள். வெட்கங்கெட்ட சிரிப்பு.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "யாரும்மா நீங்க? இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மாள் முன்னால் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டைக்காரனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தச் சட்டையைத் துவைச்சவ நான்தாங்க. இவனைப் பெத்த பாவத்துக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்தை அடிச்சிடுங்க."