காலைக் காட்சிக்கு ஆறு டிக்கெட்

போனில் பேசியவருக்கு எப்படியும் எழுபது வயது இருக்கும். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை இருமினார்.

"சார், நம்ம திண்டிவனத்துல இன்னிக்கு ஒரு புதுப்படம் வந்துருக்குது. 'ஏழாம் நம்பர் போர்செட்டு'. கண்டாச்சிபுரத்துப் புள்ளை ஒண்ணு கஷ்டப்பட்டு எடுத்தது, அதுக்கு மொதப் படம். நாளைலேர்ந்து ஒரு கும்பல் உள்ள பூந்து, செல்போன்ல திருட்டுத்தனமா புடிச்சி நெட்ல உடப் போவுது. அந்தப் புள்ளை பொழப்பே போயிடும்."

"எத்தினி பேரு?" என்றார் ஏட்டு மாசிலாமணி.

"ஆறு பேரு. ஆளுக்கு ஒருத்தர் வேணும் சார். சாதா டிரஸ்ல வாங்க. முக்கியமா, டிக்கெட் வாங்கிக்கினு போங்க. ஓசியில போனீங்கன்னா போலீசுன்னு கண்டுபுடிச்சிடுவானுங்க. ஜல்தியா வாங்க!"

போன மாதம்தான் பெரிய படம் ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து திருட்டுத்தனமாக வெளியாகி, இன்ஸ்பெக்டர் மேலிடத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "புடிக்காம வந்தீங்க, எல்லாருக்கும் பேஜாருதான்" என்று எச்சரித்து, மாசிலாமணியையும் சேர்த்து ஆறு பேரை அனுப்பினார்.

சனிக்கிழமை, பதினொன்றரை மணிக் காட்சி. இருபது வருட சர்வீசில் மாசிலாமணி சினிமாவுக்கு டிக்கெட் வாங்கியது அன்றுதான். கவுண்டரில் நிற்கவே ஒரு மாதிரி இருந்தது.

போலீசைத் தவிர உள்ளே நாலே பேர். மூலையில் ஒரு காதல் ஜோடி. ஏ.சி.யில் தூங்க வந்த மருந்துக் கம்பெனி ஆசாமி. பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர். ஆறு போலீசும் திரையை விட்டுவிட்டு அந்த நாலு பேரையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தையும் கொஞ்சம் பார்த்தார்கள். ஊரே தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறது. போர்செட்டுக்குக் காவல் இருக்கும் தாத்தா இடைவேளைக்கு முன்னால் செத்துப்போகிறார். திங்கட்கிழமை, பெண் காவலர் வேணி அதற்கு அழுதாள். செவ்வாய்க்கிழமை, "தண்ணி வந்துடுச்சி, ஜல்தியா வாங்க!" என்று தாத்தா கூப்பிட்டபோது போலீஸ் வரிசை மொத்தமும் கூடவே கூப்பிட்டது.

அன்றுதான் மாசிலாமணி கவனித்தார். கடைசி வரிசையில் ஒல்லியாக ஒருவன். கையில் செல்போன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

சிக்கினான்டா! இடைவேளையில் கேண்டீன் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ச் சட்டையைப் பிடித்தார். "போலீசு. எடுறா போனை."

போனில் படம் இல்லை. வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பதுதான் ஓடியது.

"சார், நான் சேரன். இந்தப் படத்தோட டைரக்டர்" என்றான் அவன். "ஜனங்க அழுவுறதைப் புடிச்சிக்கினு போய் விழுப்புரம் தியேட்டர்காரருகிட்ட காட்டலாம்னு..."

மாசிலாமணி சட்டையை விட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். சேரன் கதையைக் கொட்டினான். கேமரா அவன், எடிட்டிங் அவன். ஆள் வைக்க வசதியில்லாமல் தாத்தாவில் ஆரம்பித்து போஸ்ட்மேன் வரைக்கும் ஏழு பேருக்கு டப்பிங்கும் அவனே.

"பத்து டிக்கெட்டு வித்தாத்தான் சார் இங்க ஷோ. வெள்ளிக்கிழமை நாலே பேரு, கேன்சல். இன்னொரு தடவை கேன்சல் ஆனா படத்தைத் தூக்கிடுவேன்னுட்டாரு ஓனர். வியாழன் வரைக்கும் ஓடிட்டா விழுப்புரத்துல போடுறேன்னுக்கிறாங்க. அங்க பதினைஞ்சு டிக்கெட்டாம். சனிக்கிழமைலேர்ந்து சாமி புண்ணியத்துல டெய்லி பத்து பேரு வர்றாங்க சார்!"

மாசிலாமணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அந்தப் பத்தில் ஆறு போலீஸ் என்று எந்த வாயால் சொல்வது?

"நான் ஒருத்தன்தான்பா போலீசு. மத்ததெல்லாம் பப்ளிக். உன் படம் புடிச்சித்தான் வருது."

சேரன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறான் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார் மாசிலாமணி.

புதன்கிழமை சாயங்காலம் இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். "ஒருத்தனும் சிக்கலை. நாளைக்கு யாரும் போவ வேணாம்."

"இவனுங்க கடைசி நாள்தான் சார் வருவானுங்க. எத்தினி கேஸ் பார்த்துருக்கேன்" என்று கூசாமல் புளுகினார் மாசிலாமணி. புளுகியதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமையும் படம் ஓடியது. கும்பல் வரவில்லை. வேணி வழக்கம்போல அழுதாள். சேரன் வாசலில் மைசூர்பாகு டப்பாவோடு நின்று பத்து பேருக்கும் கொடுத்தான். "விழுப்புரம் ஓகே ஆயிடுச்சி சார்! நாளைக்கு ரிலீஸ்!"

சாயங்காலம் ஸ்டேஷனில் போன் அடித்தது. அதே இருமல்.

"சார், அந்தக் கும்பல் இப்ப விழுப்புரத்துக்குப் போவுது. கேஸ் தெரிஞ்ச நீங்கதான் வரணும். இந்தத் தடவை பதினோரு பேரு. டிக்கெட் வாங்கிக்கினு போங்க. ஜல்தியா வாங்க!"

பதினோரு பேர். எந்தப் படம் போட்டாலும் வருகிற நாலு பேரையும் சேர்த்தால் பதினைந்து. மாசிலாமணி ரிசீவரைக் காதில் வைத்தபடி யோசித்தார். அந்த 'ஜல்தியா வாங்க'வை அவர் ஆறு நாளாக ஏ.சி.யில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"வர்றோம் தாத்தா. ஆனா நீங்கதான் இடைவேளைக்கு முன்னாடியே செத்துட்டீங்களே?"