ஓரம் தெரியாத கண்ணாடி

குளியலறைக் கதவை அம்மா மறுபடியும் தட்டினாள்.

“அப்பாவும் பொண்ணும் உள்ளயே குடித்தனம் நடத்துறீங்களா? வாளியாவது வெளிய குடுங்க.”

“கதவத் தொறந்தா எல்லாம் போச்சு. சும்மா இரு” என்றார் அப்பா.

ஜன்னலில் கறுப்புத் துணி. தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. அம்மா கேட்ட வாளியைக் கவிழ்த்து அதன்மேல் மருந்துத் தட்டை வைத்திருந்தோம். தட்டில் ஒரு வெள்ளைத் தாள் கிடந்தது. அதில் என் கல்யாணப் படம் வரவேண்டும்.

கல்யாணமாகி மாதக்கணக்கில் ஆகிவிட்டது. ஃபிலிம் சுருளில் ஒரு படம் மிச்சமிருந்தாலும் அப்பா கழுவமாட்டார். எதிர்வீட்டுப் பூனையையும் மொட்டைமாடித் துணிகளையும் எடுத்து, ஒருவழியாகப் போன வாரம்தான் தீர்த்தார். கஞ்சத்தனம் என்று சொன்னால் கோபம் வரும்.

கல்யாணப் படத்தைத் தானேதான் எடுப்பதாக ஒற்றைக்காலில் நின்றார். எல்லாம் பெரியப்பாவோடு வந்த வீம்பு.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ஸ்டூடியோ, ஒரே கேமரா. இருபது வருடம் அதைத்தான் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். பார்க்கும் துளையின் நடுவே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் கூர்மையாக விழும். வயதாக ஆக, ஒன்றானதா இல்லையா என்பதே அப்பாவுக்குப் பிடிபடவில்லை. படங்கள் கலங்கின. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே பெரியப்பா சொல்லிவிட்டார்.

“உனக்குக் கண்ணு தெரியல. இனிமே லைட்டப் புடி, போதும்.”

அவ்வளவுதான். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பெரியப்பா வெறும் ‘அந்த ஆளு’.

பிறகு ரகசியமாக ஒரு பூதக்கண்ணாடி வாங்கினார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. கேமராவின் துளையில் திருகி மாட்டினால் நடுக்கட்டம் பெரிதாகத் தெரியும், ஆனால் ஓரங்கள் மறைந்துபோகும். அதனால் ஃபோகஸ் பிடித்ததும் அதைக் கழற்றிவிட்டு, படத்துக்குள் யார் யார் விழுகிறார்கள் என்று ஒருமுறை முழுசாகப் பார்த்துத்தான் சொடுக்க வேண்டும்.

“அந்த ஆளுக்கு மட்டும் தெரியக்கூடாது. பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்னு தண்டோரா போடுவான்” என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

பெரியப்பாவுக்குக் கல்யாணத் தகவலை நானே நேரில் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். வருகிறேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்து நடையில் ஒரே நெரிசல். சான்றிதழ் வாங்க அம்மா உள்ளே போயிருந்தாள். அடுத்த ஜோடி நிற்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று சிப்பந்தி விரட்டினார். கேமராவையே பார்க்கவேண்டும், கண்ணை நகர்த்தக்கூடாது என்று எனக்கும் மாப்பிள்ளைக்கும் அப்பாவின் கட்டளை. என் கண்ணிமையில் ஃபோகஸ் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பூதக்கண்ணாடியைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே சொடுக்கினார். வியர்வை பட்டுக் கண்ணாடி மங்கிவிடவே, சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

பெரியப்பா வரவில்லை. அன்று முழுக்க அப்பாவின் கண் வாசலிலேயே இருந்தது. கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

கொஞ்ச நாளில் பெரியப்பா தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தார்.

“எம்பொண்ணு கல்யாணத்துக்கு வராதவன் சாவுக்கு நான் எதுக்குப் போகணும்?”

அம்மா அழுதாள், கெஞ்சினாள். மனுஷன் அசையவில்லை. நானும் அம்மாவும்தான் போனோம். பெரியம்மா எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா வராத கோபம் என்று நினைத்துக்கொண்டோம்.

தட்டில் முதலில் என் தலைமுடி கறுத்தது. பிறகு கண்கள். பிறகு இமைகள், ஒவ்வொரு மயிராக எண்ணலாம்போல.

“பாத்தியா! கண்ணு தெரியலயாம்ல!” என்று அப்பா சிரித்தார்.

ஓரத்தில் இன்னொருவரும் தெரிய ஆரம்பித்தார். நெகட்டிவில் பார்த்தபோது யாரோ சிப்பந்தி என்று விட்டிருந்தோம்.

என் தோளுக்குப் பின்னால், கதவு நிலையருகே, பெரியப்பா.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நேராக லென்ஸைப் பார்த்து, பல் தெரியச் சிரித்து, ஒரு கையை நெஞ்சுவரை தூக்கியிருந்தார்.

அப்பாவின் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

பெரியப்பாவின் தோளுக்கும் படத்தின் விளிம்புக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் இருந்தது. அந்தக் கேமராவின் கட்டம் எங்கே முடியும் என்பது அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தம்பி கண்ணில் படட்டும் என்றுதான் உள்ளே வந்து நின்றிருக்கிறார்.

“நான் பாத்துட்டேன்னு நெனச்சிருப்பாரு அண்ணன்” என்றார் அப்பா. “பாத்து, படமும் எடுத்துட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்னு...”

தாள் கறுத்துக்கொண்டே போனது. நான்தான் பிடுங்கி, மேலும் கறுக்காமல் நிறுத்தும் மருந்திருந்த அடுத்த தட்டில் போட்டேன்.

அம்மா மறுபடி தட்டினாள். இந்தத் தடவை அப்பாவே தாழ்ப்பாளை விலக்கினார். பகல் வெளிச்சம் மொத்தமும் உள்ளே வந்து விழுந்தது. திறந்திருந்த பெட்டியில் மிச்சத் தாள்கள் எல்லாம் வீணாயின. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“பெரியம்மாவுக்கு ஒரு போன் போடும்மா.”

“என்னன்னுப்பா சொல்றது?”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லு.”